பம்பு ஓடிய நேரம்

மார்ச் 17

புறப்பட்ட நேரம்: இல்லை. திரும்பிய நேரம்: இல்லை. ஓடிய கி.மீ.: இல்லை. பம்பு ஓடிய நேரம்: இல்லை. குறிப்பு: கீழே காண்க.

இந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது வெள்ளூரணி தீயணைப்பு நிலையத்தின் பழைய வண்டிப் பதிவேடு. வண்டி எப்போது போனது, எப்போது வந்தது, பம்பு எவ்வளவு நேரம் ஓடியது என்று டிரைவர் எழுதி வைக்கும் புத்தகம். நிலையம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது இதையெல்லாம் எடைக்குப் போட மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பாதிப் புத்தகம் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டு வாங்கி வந்துவிட்டேன். முன்பாதியில் டிரைவரின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. அதை யார் படிப்பது? பின்பாதியில் நான் எழுதுகிறேன். கட்டங்கள் அச்சடித்திருப்பதால் அவற்றை நிரப்பிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். பேச்சிமுத்து, லீடிங் ஃபயர்மேன், முப்பத்துமூன்று வருட சர்வீஸ். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் கை சொன்னபடி கேட்பதில்லை.

இன்று எழுதத் தொடங்கக் காரணம் உண்டு. காலையில் நிலைய அலுவலர் நவநீதன் வீடு தேடி வந்தார். முப்பத்திரண்டு வயது. மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் மரியாதை தெரிந்த பையன். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு வந்தார். ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் வருகிறது. கடைசி நாளான இருபதாம் தேதி ஓய்வுபெற்ற தீயணைப்போரை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம். வெறும் பொன்னாடை இல்லை. மேடையேறுகிறவர்களுக்கு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். காலமெல்லாம் புகை குடித்தவர்கள் என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே முன்வந்திருக்கிறார்கள்.

நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொருவரும் சர்வீஸில் தாம் மீட்ட ஒருவரின் பெயரைப் படிவத்தில் எழுத வேண்டும். அந்த ஆளும் மேடைக்கு வந்து மாலை போட வேண்டும். கேட்கவே நன்றாக இருந்தது.

நவநீதன் போகும்போது ஷோகேஸைப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பின்னால் என் பதக்கம் இருக்கிறது. “ஐயா, ஒங்களுக்குப் பிரச்சினையே இல்ல. ஜின்னிங் மில் கிடங்குத் தீ நிலையத்துக்கே தெரியுமே” என்றார். முப்பது வருடத்துக்கு முந்தைய சம்பவம். பஞ்சுக் கிடங்கு. நான் உள்ளே போனது ஊருக்கே தெரியும். வெளியே வந்ததும் தெரியும்.

படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். மீட்கப்பட்டவர் பெயர் என்ற கட்டம் வந்தது. பெயர் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. எழுபது வயது ஆகிறதல்லவா.

இருமல் கொஞ்சம். சொர்ணம் மிளகாய் தாளித்ததால்.

மார்ச் 18

புறப்பட்டது 10.05. திரும்பியது 12.40. ஓடிய கி.மீ.: ஒன்றரை, நடை.

வெள்ளூரணி ஓய்வுபெற்ற தீயணைப்போர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். நான் தலைவர். சுடலையாண்டி செயலாளர். கோயில்பிள்ளை உறுப்பினர். வேறு ஆள் கிடையாது. ஆகவே கோயில்பிள்ளைதான் எங்கள் பொதுக்குழு. அவர் வராவிட்டால் கூட்டம் நடத்த முடியாது என்பதால் எப்போதும் அவர் வீட்டிலேயே கூடுகிறோம்.

சுடலையாண்டிக்கு ஒரே கவலை. அவன் சர்வீஸில் கிணற்றிலிருந்து தூக்கியது பதினேழு மாடு, நான்கு ஆடு, ஒரு கரடி. மனிதக் கணக்கில் ஒரே ஒரு பையன். பித்தளைச் செம்புக்குள் தலையை விட்டுக்கொண்டவன். அந்தப் பையன் இப்போது பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். போய்க் கேட்டதற்கு, அது நான் இல்லை, என் தம்பி என்றானாம். அவனுக்குத் தம்பியே இல்லை.

கோயில்பிள்ளை அண்ணாச்சி படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். அவர் டிரைவர். எங்கள் தொழிலில் டிரைவர்தான் பம்புக்கும் பொறுப்பு. நாங்கள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவோம். அவர் வண்டியருகில் நின்று தண்ணீரின் அழுத்தம் குறையாமல் பார்ப்பார். பம்புக்காரர் நகர்ந்தால் உள்ளே இருப்பவன் கையில் தண்ணீர் இருக்காது, உயிர்தான் இருக்கும். அதனால் பம்புக்காரர் யாரையும் மீட்பது கிடையாது. மீட்கவும் கூடாது.

“நான் யாரையும் காப்பாத்தல. பம்பை விட்டு நகரல. அவ்வளவுதான் என் சர்வீசு” என்றார்.

சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னார். பாதியில் இருமல் வந்துவிட்டது. “அவ்வளவுதான்” என்பதற்கும் “என் சர்வீசு” என்பதற்கும் நடுவில் நானும் சுடலையாண்டியும் டீயைக் குடித்து முடித்திருந்தோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தேன்.

மார்ச் 20

மாடித் தொட்டியைப் பார்க்கப் போனேன். படிகள் பதினெட்டு. நடுவில் மூன்று தடவை நின்றேன், ஊரைப் பார்ப்பதற்காக. அழகான ஊர்.

மார்ச் 22

புறப்பட்டது 09.30. திரும்பியது 11.00.

நிலையத்துக்குப் போய் நவநீதனிடம் பேசினேன். கோயில்பிள்ளைக்கு மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் ஓசூரில். இங்கே உள்ளூர் டாக்டர், பெரிய இடத்தில் காட்டாமல் இருந்தால் அடுத்த மழைக்காலம் தாண்டாது என்று மகளிடம் போனிலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எத்தனையோ தடவை கூப்பிட்டும் இவர் போகவில்லை. சும்மா கூப்பிட்டால் போகிற ஆள் இல்லை. சர்வீஸுக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்லிக் கூப்பிட்டால் ஒருவேளை போவார். ஆகவே அந்தப் பட்டியலில் அவர் பெயர் வந்தாக வேண்டும்.

பம்புக்காரர் தண்ணீர் கொடுத்ததால்தானே நாங்கள் மீட்டோம், எங்கள் ஆளை அவர் பெயரிலும் போடக் கூடாதா என்று கேட்டேன். நவநீதன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மீட்கப்பட்டவர் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்த பெயரை இன்னொருவருக்குக் கொடுத்தால் சிவப்பாகிறது. என்னதான் பெரிய தீயாக இருந்தாலும் பின்பக்கம் ஒரு வழி இருக்கும். இந்த மெஷினுக்கு அதுவும் இல்லை.

கடைசித் தேதி ஏப்ரல் பத்து.

மார்ச் 24

இன்று சொர்ணம் ஒரு கேள்வி கேட்டாள். மேடையில் எனக்கு மாலை போடப்போகிற ஆள் யார் என்று. மதியம் வாழைக்காய்ப் பொரியல். நன்றாக இருந்தது.

மார்ச் 29

புறப்பட்டது 08.15. திரும்பியது 16.50. ஓடிய கி.மீ.: 62, பஸ்.

ஜின்னிங் மில்லில் அன்று வேலை பார்த்த வெயிலுகந்தானைத் தேடிப் போனேன். கிடங்கு எரியும்போது உள்ளே மாட்டிக்கொண்டதாகச் சொல்லப்பட்ட தொழிலாளி அவர்தான். இப்போது சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மகிழ்ச்சியாக எழுந்து நாற்காலி போட்டார்.

அவருக்கு ஞாபக சக்தி குறைவு. வயதாகிவிட்டது, பாவம். அன்று தீப்பிடித்தவுடன் பின்வாசல் வழியாக வெளியே போய் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். “நான் டீ குடிச்சிக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன்லா. என்னத் தேடி நீங்க உள்ள போனீய. போன மனுசன வெளிய காணோம். பொறவு அந்த ஒசரமான டிரைவரு ஓடிப்போயி ஒங்களத் தரதரன்னு இழுத்துட்டு வந்து போட்டாரு. நான்தான் மொகத்துல தண்ணி தெளிச்சேன்” என்றார். டீக்கு மேல் வடையும் சாப்பிட்டாராம். எவ்வளவு துல்லியமான மறதி.

விஷயத்தைச் சொன்னேன். மேடைக்கு வர வேண்டும், நான் மீட்டதாகச் சொல்லி மாலை போட வேண்டும். கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அதுக்கென்ன, வந்து சொல்லிருதேன். மத்தியானம் பிரியாணியா?” என்றார். பிரியாணிதான் என்றேன்.

காரியம் முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஆனாலும் ஏனோ சரியாக உட்கார முடியவில்லை.

மார்ச் 30

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். வெயிலுகந்தானுக்கு ஞாபக சக்தி நன்றாக இருக்கிறது.

சம்பவ அறிக்கை. நாள்: 1995 மே 11. இடம்: ஜின்னிங் மில், மூன்றாம் கிடங்கு. உள்ளே ஆள் இருக்கிறது என்று கூட்டம் கத்தியது. நான் துணியை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு போனேன். பஞ்சுப் புகை வித்தியாசமானது. கண்ணுக்குத் தெரியாமல் கழுத்தைப் பிடிக்கும். பத்துப் பொதிகளைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கோயில்பிள்ளையின் முகம், தலைகீழாக. என் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். சுடலையாண்டியும் மற்றவர்களும் பின்பக்கம் ஹோஸோடு நின்றதால் எங்கள் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. என்னைப் போட்டுவிட்டு அவர் திரும்பிப் பம்புக்கு ஓடினார். அன்று மாலை நிலையத்தில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “வே, நான் பம்பை விட்டு வந்தேன்னு எங்கயும் வரப்படாது.” வந்திருந்தால் அவருக்கு மெமோ நிச்சயம். பின்பக்கம் ஹோஸ் பிடித்தவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று கேட்டிருப்பார்கள்.

ஆகவே அறிக்கையில் நான் எழுதினேன்: மீட்கப்பட்டவர், ஒருவர். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யார் என்று எழுதக் கட்டம் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

எழுதியிருக்க மாட்டேன்.

மாவட்ட அலுவலர் படித்துவிட்டு உள்ளே போனது யார் என்று கேட்டார். பேச்சிமுத்து என்றார்கள். அடுத்த வருடம் பதக்கம் வந்தது. வாங்கும்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். பதக்கம் பளபளவென்று இருந்ததும் உண்மைதான். நெஞ்சில் குத்தியபோது வெட்கமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

அன்று மீட்கப்பட்ட ஆள் நான். அப்படியானால் கோயில்பிள்ளையின் படிவத்தில் எழுத ஒரு பெயர் இருக்கிறது.

ஏப்ரல் 2

புறப்பட்டது 10.00. திரும்பியது 10.50. பம்பு ஓடிய நேரம்: எனக்கு வசவு விழுந்த நேரத்தைச் சொல்வதானால், பத்து நிமிடம்.

அண்ணாச்சியிடம் போய், உங்கள் படிவத்தில் என் பெயரை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இவ்வளவு வருடம் பழகியும் ஆளைப் புரிந்துகொள்ளவில்லை.

“ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? புதுப்பயலுவ எத்தன பேருக்கு நான் பம்பு சொல்லிக்குடுத்திருக்கேன். எல்லாத்துக்கும் மொதப் பாடம் என்னது? தலையே போனாலும் பம்பை விட்டு நகராத. அந்த வாயோட நான் மேடையில போயி, நகந்தேன்னு சொல்லி மாலை வாங்கணுமா?”

நான் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னேன். மூச்சு போனால் போகட்டும், பேர் போக வேண்டாம் என்றார். மூச்சைப் பற்றிச் சொல்லும்போதே மூச்சு போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் கொண்டு வந்தேன். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே போ என்று கையைக் காட்டினார்.

உலகத்தில் தன் வீரச்செயலை மறைப்பதற்காகச் சாகத் துணிந்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். அவருக்கு நண்பனாக வாய்த்தது, செய்யாத வீரச்செயலை ஷோகேஸில் வைத்திருக்கும் நான்.

ஏப்ரல் 3

அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே இருமல் கேட்டது. கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 5

சொர்ணத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அழுவாள், அல்லது பேச மாட்டாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவள் கீரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அந்த டீக்கடைக்காரன் பொண்டாட்டி அன்னைக்கே குழாயடியில சொல்லிட்டா” என்றாள்.

முப்பது வருடம். பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். அவள் சொன்னது இது:

“பதக்கத்தப் பொம்மைக்குப் பின்னால எதுக்கு வச்சிருக்கேன்னு நெனச்சீய? தீவாளிக்கு மொத முறுக்கு அவுக வீட்டுக்குத்தான் போவுது, அது எதுக்குன்னு நெனச்சீய? என் தாலிய இழுத்துட்டு வந்து போட்ட மனுசன். நீங்களே சொல்லுவீயன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பிறகு கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். ஆய்ந்தேன். ஒரு மனிதன் முப்பது வருடம் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டு மறைத்த ரகசியத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

ஏப்ரல் 8

புறப்பட்டது 11.15. திரும்பியது 13.30.

இந்த நோட்டில் இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று பார்க்கப் புரட்டியபோது முன்பாதி விரிந்துகொண்டது. எறும்பு எழுத்து. மேலே பார்த்தால் 1995. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மே மாதத்தைத் தேடினேன்.

மே 11. புறப்பட்ட நேரம் 14.05. திரும்பிய நேரம் 19.10. ஓடிய கி.மீ. 6. பம்பு ஓடிய நேரம் 4 மணி 20 நிமிடம். குறிப்பு: இதில் 3 நிமிடம் பம்பில் ஆள் இல்லை. ஒப்பம், கோயில்பிள்ளை.

எங்கும் வரக் கூடாது என்று என்னிடம் கையைப் பிடித்துக் கேட்ட அதே மாலையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். என்னைப் பொய் சொல்லச் சொல்லிவிட்டார், பதிவேட்டில் அவரால் பொய் எழுத முடியவில்லை. அந்தப் பதிவேட்டை ஒருவரும் படிக்கவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம். முதல் ஆளாகப் படித்திருக்க வேண்டிய நான், மூன்று வாரமாக அதன் முதுகில் உட்கார்ந்து வாழைக்காய்ப் பொரியல் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது. அதை எழுதக் கட்டம் இல்லாவிட்டாலும் எழுதுகிறேன்.

உடனே நிலையத்துக்குப் போனேன். நவநீதனிடம் பதிவேட்டைக் கொடுத்தேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட மாட்டாரே என்றேன். சம்பவத்தன்று குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பரிந்துரைத்தால் போதும் என்றார். பொறுப்பு லீடிங் ஃபயர்மேன் பேச்சிமுத்து. பரிந்துரைத்தேன். மீட்கப்பட்டவர் கட்டத்தில் என் பெயர், முகவரி, ஆதார் எண். மெஷின் பச்சையாகி அடுத்த பக்கத்துக்குப் போனது. பையில் வைத்திருந்த என் படிவத்தைக் கிழித்துவிட்டேன். வெயிலுகந்தானுக்குப் போன் செய்து பிரியாணி ரத்து என்றேன். அவருக்கு மிகுந்த வருத்தம்.

நகல் எடுக்கிறேன் என்று உள்ளே கொண்டுபோன நவநீதன் வெகுநேரம் வரவில்லை. வந்து புத்தகத்தைக் கொடுக்கும்போது, “ஐயா, மீசை ஒரு முடிவுக்கு வந்துட்டுது” என்றார். சிரிக்கவில்லை. பின்பாதியையும் படித்துவிட்டார். இனிமேல் யாரிடமாவது புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ரப்பர் பேண்ட் போட வேண்டும்.

ஏப்ரல் 14

நிலையத்தில் நீத்தார் நினைவு நாள். மலர்வளையம் வைத்தார்கள். இரண்டு நிமிடம் மௌனம். கோயில்பிள்ளை அண்ணாச்சி பழைய காக்கியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எனக்கு நான்கு ஆள் தள்ளி நின்றார். மௌனம் முடிகிறவரை இருமலை அடக்கிவிட்டார். எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் போனார்.

எனக்கும் இருமல் வந்தது. பூவின் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 20

புறப்பட்டது 08.30. திரும்பியது 15.00. ஓடிய கி.மீ.: 2. பம்பு ஓடிய நேரம்: கடைசியில் சொல்கிறேன்.

விழாவுக்கு அண்ணாச்சி வர மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். நவநீதன் கவலையே படவில்லை. ஒன்பது மணிக்கு ஒரு ஆளை அனுப்பி, ஒத்திகைக்கு நிறுத்திய வண்டியில் பம்பு தண்ணீர் எடுக்க மறுக்கிறது, யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லச் சொன்னார். ஏழாவது நிமிடத்தில் அண்ணாச்சி வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், சட்டையில் மேல் பொத்தான் இல்லை. நேரே பம்புக்குப் போய், வால்வைப் பார்த்து, யாரோ வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் திரும்புவதற்குள், இரண்டு பேர் அவரை அலுங்காமல் மேடைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள்.

முதலில் சுடலையாண்டி. கடைசி நேரத்தில் பாத்திரக் கடைக்காரனின் அம்மாவே அவன் காதைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்துவிட்டாள். அவன் மாலையோடு ஒரு செம்பும் பரிசளித்தான். வாய் அகலமான செம்பு.

அடுத்து கோயில்பிள்ளை பெயரைச் சொன்னார்கள். நவநீதன் மைக்கில் அந்த வரியைப் படித்தார். பம்பு ஓடிய நேரம் நாலு மணி இருபது நிமிடம், இதில் மூன்று நிமிடம் பம்பில் ஆள் இல்லை. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்படி ஒரு முகத்தை நான் தீயிலும் பார்த்ததில்லை. மாலையை வைத்துக்கொண்டு நான் மேடையேறினேன். ஏழு படி. நின்று நின்று ஏறினேன். அந்த நேரத்துக்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“சார், அது தப்பு. நான் செஞ்சது தப்பு. அதுக்கு மாலை போடப்படாது” என்றார். கூட்டம் விழித்தது. சிறப்பு விருந்தினர் பொன்னாடையை விரித்தபடியே நின்றார். கீழே இருந்து சுடலையாண்டி, அன்னைக்குத் தண்ணி கொஞ்சம் தணிஞ்சுது, நான் டாங்கில தீந்துட்டுன்னு நெனச்சேன் என்று இத்தனை வருடம் கழித்துத் தகவல் கொடுத்தான்.

நான் மைக்கை வாங்கினேன். பேசத் தாள் எழுதி வைத்திருந்தேன். அது சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

“அந்தக் கிடங்குல நான் யாரையும் காப்பாத்தல. என்னத்தான் இவுக காப்பாத்துனாவ. பதக்கத்த நான் வாங்கிட்டேன்” என்றேன். அவர் பக்கம் திரும்பினேன். “அண்ணாச்சி, பம்புல ஆள் இல்லாத அந்த மூணு நிமிசத்தாலதான் நான் முப்பது வருசம் இருந்திருக்கேன். அத தப்புன்னு சொல்லாதீங்க.”

மாலையைப் போடப் போனேன். அவர் என்னைவிட ஒரு அடி உயரம். எட்டவில்லை. கொஞ்ச நேரம் நான் கையைத் தூக்கியபடி நின்றேன். பிறகு அவரே தலையைக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிர்ந்ததும் மறுபடி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் சீருடையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பம்பை விட்டு நகரப்படாது. யாரும் நகரப்படாது.” இருமினார். நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். “இவன மாதிரி ஒரு கிறுக்கன் உள்ள கெடந்தாமட்டும், போயிட்டு ஓடியாந்திரணும். மூணு நிமிசத்துக்கு மேல ஆவப்படாது.”

கைதட்டல் நிற்கவே நேரமாகியது. சொர்ணம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பதக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “இத எங்க தாயி வைக்க? எங்க வீட்டுல பொம்மை இல்லையே” என்றார். பொம்மையையும் தருகிறேன் என்றாள்.

பம்பு ஓடிய நேரம்: ஒத்திகையில் 25 நிமிடம். இயக்கியவர் கோயில்பிள்ளை, மாலையோடு. நகரவில்லை.

ஏப்ரல் 24

காலை 05.00. மதுரைக்குப் புறப்பாடு. அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரி. நான் துணைக்கு மட்டும். நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், ரப்பர் பேண்டோடு.

ஏப்ரல் 24, தொடர்ச்சி

புறப்பட்ட நேரம் 05.10. சேர்ந்த நேரம் 07.25. ஓடிய கி.மீ. 98. வேன் டிரைவர் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறான். சொன்னேன்.

இது என் பதிவேடு. பின்பக்கம் பேச்சிமுத்து கிறுக்கி வைத்திருக்கிறான். இன்று அவனால் எழுத முடியாது, ஆகவே நான் எழுதுகிறேன்.

எனக்குப் பரிசோதனை முடிந்தது. மாத்திரையும் உறிஞ்சும் மருந்தும் கொடுத்தார்கள். ஒழுங்காக எடுத்தால் மழைக்காலம் பயமில்லை, மூன்று மாதம் கழித்து வர வேண்டும் என்றார்கள். காத்திருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் படித்தேன். மார்ச் 20ஐ இரண்டு தடவை படித்தேன். இவனைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டு ஏறிப் பார்த்தேன். எட்டாவது படியில் ஊரைப் பார்க்க நின்றான். அங்கே சுவர்தான் இருந்தது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றான். முப்பது வருடத்தில் கனம் கூடியிருக்கிறான். கவுன்ட்டரில் இருந்த அம்மா, பட்டியலில் இவன் பெயர் இல்லை என்றார். என் படிவத்தைக் காட்டினேன். மீட்கப்பட்டவர் கட்டத்தில் இவன் பெயர், முகவரி எல்லாம் இருக்கிறது. பாதி மீட்டுவிட்டு விட்டுவிடுவது எங்கள் வேலை இல்லை என்றேன். அந்த அம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சரி என்றார்.

படம் எடுத்தார்கள். என்னுடையதைவிட இவனுடையது மோசம். ஐந்து நாள் உள்ளே இருக்க வேண்டும், சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். சொர்ணத்துக்குப் போன் செய்தேன். கிளம்பி வருகிறாள். இப்போது முகத்தில் குழாய் வைத்து மருந்துப் புகை கொடுக்கிறார்கள். இவ்வளவு புகை குடித்தது போதாதென்று இன்னும் கொடுக்கிறார்களே என்று அதற்குள்ளிருந்தே பேசுகிறான். ஆகவே ஆபத்து இல்லை.

பம்பு ஓடிய நேரம்: இல்லை. கட்டிலருகில் இருக்கிறேன். இடத்தை விட்டு நகரவில்லை.

மீட்கப்பட்டவர்: ஒருவர். பழைய ஆள்தான்.

ஒப்பம், கோயில்பிள்ளை, டிரைவர்.